பேராசிரியரின் முதல் விரல்

“மனிதனின் ஆணவம் தலையில் குடியிருக்கிறது, அவனைப் பற்றிய உண்மையோ மலக்குடலில் காத்திருக்கிறது.”

இந்த மணிமொழியை உலகுக்கு அருளியவர் பேராசிரியர் மகிஷிமா. உள்கடல் ஓரத்து நகரமொன்றின் பல்கலைக்கழக மருத்துவமனையில் குடல் நோய்த் துறைத் தலைவர். அரிய குடற்கசிவு ஆராய்ச்சிக் கழகத்துக்குப் புதிதாகத் தேர்வான தலைவரும் அவரே. கழகத்தின் பத்தாம் ஆண்டு மலரில், அவருடைய புகைப்படத்துக்குக் கீழே, இந்த வாக்கியம் பொன்னிற எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த மலரில் நாற்பது பிரதிகளைத் தன் தலையில் கட்டிக்கொண்டவர் இசோபே. ஒரு வியாழக்கிழமை காலை அவற்றில் ஒன்றைத் தன் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்து பயபக்தியோடு படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ரத்தம் போயிற்று.

இசோபே மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. பரிசோதனைக்கு முன்னால் குடலைக் கழுவும் மருந்து அவருடைய சரக்கு. இருபத்திரண்டு வருடமாக மகிஷிமாவின் துறைக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்று குனிந்து வணங்கியே பிழைத்தவர். அவர் முதுகு வளையும் கோணத்தைப் பார்த்தே போகிறவர் உதவிப் பேராசிரியரா, துணைப் பேராசிரியரா, பேராசிரியரா என்று வார்டு நர்ஸ்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கழிவறையிலிருந்து வெளியே வந்தவர் கழுத்துப்பட்டையைத் தேடினார்.

“அப்பா, ரத்தம் போகுதுன்னு சொன்னீங்க. டை எதுக்கு?” என்றாள் மனைவி ஃபுமியே. மகன் பிறந்த நாளிலிருந்து அவள் புருஷனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். மகன் ஒசாகாவுக்கு வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. பழக்கம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

“பெரியாஸ்பத்திரிக்கு டை இல்லாம எப்படிப் போறது?”

“தெருமுனையில கிளினிக் இருக்கே! அஞ்சு நிமிஷத்துல பாத்து அனுப்பிடுவாங்க.”

“நம்ம பேராசிரியர் சென்செய்க்குத் தெரிஞ்சா? இருபத்திரண்டு வருஷமா அவர்கிட்ட குனிஞ்சுட்டு, ரத்தம் வந்தா இன்னொருத்தர்கிட்ட காட்டுனேன்னு ஆயிடாதா?”

“என்னமோ சம்பந்தம் பேசப் போற மாதிரி…” என்றாள் ஃபுமியே. அப்படித்தான் போனார். கையில் ஒரு பெட்டி அவரைப்பயறு மிட்டாயும் இருந்தது.

வார்டில் அவரை விசாரித்தவர் பயிற்சி மருத்துவர் சுகா. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆன பெண். அதனால் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் நாற்பத்து மூன்று கட்டங்கள். குடற்கசிவுக்கு இதுவரை உலகில் பதிவான அரிய காரணங்கள் நாற்பத்து மூன்றையும் கழகமே தொகுத்திருந்தது. கல்லீரல் கெட்டுக் குடலில் புடைக்கும் ரத்தக்குழாய் அதில் உண்டு, குடல்வால் நுனியிலிருந்து வரும் கசிவு உண்டு, கருப்பையின் உள்திசு வழி தவறிக் குடலில் முளைப்பதும் உண்டு. கடைசியாகச் சொன்னதை ஆண் நோயாளிகளிடமும் கேட்டே ஆக வேண்டும். மூலநோய்க்குக் கட்டம் கிடையாது. அது அரியதல்ல.

“இசோபே-சான், போன ரெண்டு வாரத்துல வழக்கமில்லாம ஏதாவது சாப்பிட்டீங்களா? படிவத்துல இல்ல, சும்மாதான் கேக்கறேன்.”

இசோபேயின் காது சிவந்தது.

ஒன்பது நாள் முன்பு, பேராசிரியர் கழகத் தலைவரானதற்குக் கடற்கரை விடுதியில் விருந்து. நல்ல காரியத்துக்கு வைக்கிற சிவந்த மங்கல மீன், முழங்கை நீளத்தில் முழுதாக வந்தது. அந்த மீனின் தோள்பட்டையில், வலமும் இடமுமாக, மீன் வடிவிலேயே பக்கத்துக்கு ஒரு குட்டி எலும்பு இருக்கும். மீனுக்குள் மீன் என்பார்கள். உடையாமல் எடுத்து வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம்; ஜோடியாகக் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். பேராசிரியர் தம் கையாலேயே, தம் குச்சிகளாலேயே, இடக்கன்னத்துச் சதையைத் தோள்பட்டை வரைக்கும் கிள்ளிக் கடைசி இருக்கையில் இருந்த இசோபேயின் கிண்ணத்தில் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. இசோபே அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்ட அதே நொடியில் துணைப் பேராசிரியர் குவாதா எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, “பன்சாய்!” என்று முழங்கிவிட்டார்.

வாயில் எலும்பு தட்டியது. துப்பவோ மேசையில் இடமில்லை. வாழ்த்தொலி எழுப்பாமல் இருக்கவோ வாழ்க்கையில் இடமில்லை. முதல் பன்சாயில் விழுங்கினார். இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவதில் பேராசிரியர் அதைக் கவனித்து, “பாருங்க, இசோபே எவ்வளவு உணர்ச்சிவசப்படறார்!” என்று நெகிழ்ந்தார்.

பிறகுதான் தேடல் தொடங்கியது. வலப்பக்கத்து எலும்பு உடையாமல் கிடைத்தது. இடப்பக்கத்தது காணோம். பன்னிரண்டு மருத்துவர்கள் மீன் தலையை நாற்பது நிமிடம் கூறுபோட்டார்கள். குவாதா குழம்பை வடிகட்டினார். இசோபேயும் தேடினார். மேசைக்கு அடியில் கூடத் தேடினார்.

“ஒண்ணும் விசேஷமா சாப்பிடல, டாக்டர்” என்றார் இப்போது.

சுகா கையுறையை மாட்டினார். “அப்ப ஒரு பக்கமாத் திரும்பிப் படுங்க. விரலால ஒருதரம் பாத்துடறேன்.”

“டாக்டர்!” வாசலிலிருந்து தலைமை நர்ஸ் தமாகியின் குரல் வந்தது. “கையுறையைக் கழட்டுங்க. முதல் விரல்.”

புதிதாக வந்தவர் என்பதால் சுகாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு நோயாளியைக் கழக மலரின் அட்டைப்படத்துக்கே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கட்டுரை எழுதி, படம் வரைந்து முடித்த பிறகு, எவனோ ஒரு பயிற்சி மருத்துவன் யாரையும் கேட்காமல் விரலை விட்டு அது வெறும் மூலம் என்று கண்டுபிடித்துத் தொலைத்தான். அட்டையில் மலைக்காட்சி போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து விதி: அரிய கசிவு என்று சேரும் எந்த நோயாளிக்கும் முதல் விரல் பேராசிரியருடையது.

“அவர் எப்ப பாப்பார்?”

“செவ்வாய், வெள்ளி ரவுண்ட்ஸ்ல. நேரம் இருந்தா.”

முப்பத்தைந்து நிமிடத்தில் இருபத்தெட்டு நோயாளிகளைப் பார்ப்பதால் நேரம் ஒருநாளும் இருந்ததில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியர் பதினேழு பேர் பின்தொடர வந்தார். இசோபே படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நாற்பத்தைந்து பாகைக்குக் குனிந்தார். பேராசிரியர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். படிவத்தில் ‘முதல் விரல்: ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதி முத்திரை குத்தினார்கள். பத்தேகாலுக்கு இசோபேக்கு ரத்தம் போயிற்று.

திங்களன்று கேமராக் குழாய்ப் பரிசோதனை. அதற்கு முன் இரண்டு லிட்டர் குடல் கழுவும் மருந்து குடிக்க வேண்டும். கொண்டுவந்து வைத்தது இசோபேயின் கம்பெனிச் சரக்கு. ‘பிளம் பழத்தின் இனிய சுவை; நோயாளிகள் விரும்பி அருந்துகிறார்கள்’ என்ற வாசகத்தை எழுதியதும் அவர்தான். எழுதுவதற்கு முன்னாலோ பின்னாலோ அவர் அதை ஒரு சொட்டும் குடித்ததில்லை.

“எப்படி இருக்கு இசோபே-சான்?” என்றார் தமாகி.

“இனிய சுவை” என்றார் இசோபே, கம்பெனி விசுவாசம் மாறாமல். ஐந்தாவது குவளையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழாயைச் செலுத்தியவர் குவாதா. அந்தத் துறையில் குழாய் வாசலைத் தாண்டும்போது திரையை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதெல்லாம் சாதாரண நோய். அவர்கள் கண் எப்போதும் தொலைவில். ஒன்றரை மீட்டர் தூரம் போய், ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் அறிவித்தார்:

“வாழ்த்துகள்! ஒண்ணுமே இல்ல!”

“அப்ப வீட்டுக்குப் போகலாங்களா?”

“என்ன பேச்சு பேசறீங்க? ஏதாவது இருந்திருந்தா வீட்டுக்குப் போயிருப்பீங்க. ஒண்ணுமே இல்லாம ரத்தம் வருதுன்னா சாமானிய விஷயமா? உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராவது இவ்வளவு அரிய ஆளா இருந்திருக்காங்களா?”

செவ்வாய் காலை ரவுண்ட்ஸில் பேராசிரியர் முதல் முறையாக இசோபேயின் கட்டிலருகே நின்றார். பதினேழு பேனாக்கள் திறந்தன.

“இந்த ஆளை நல்லாப் பாத்துக்குங்க” என்றார். “சாதாரண ஆள். சாதாரண முகம். கூட்டத்துல நின்னா தெரியாது. நானே பல வருஷம் இவரைச் சுவர்னு நெனச்சிருக்கேன். ஆனா இவருக்குள்ள, உலகத்துல யாரும் கண்டுபிடிக்காத ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு இருக்கு. நானும் இன்னும் கண்டுபிடிக்கல. பேரு மட்டும் வெச்சாச்சு. மகிஷிமா கோளாறு. நாற்பத்து நாலாவது காரணம். கண்ணுக்குத் தெரிஞ்சாதான் நம்புவேன்னு சொல்றவன் டாக்டர் இல்ல, போட்டோகிராபர்.”

பதினேழு பேனாக்களும் எழுதிக்கொண்டன.

“சென்செய், சிகிச்சை…?” என்றார் இசோபே குனிந்தபடி.

“எடுத்துடுவோம். முப்பது சென்டிமீட்டர். கவலைப்படாதீங்க, பத்தலைன்னா நாப்பது எடுக்கலாம். சனிக்கிழமை கழகத்தோட ஆண்டுக்கூட்டம். அரங்கத்துக்கு நேரடியா ஒளிபரப்பு. இருநூறு பேர் உங்க குடலைப் பாப்பாங்க.”

“ரொம்பப் பெரிய கௌரவம்… மலம் போக வெளிய பை ஏதாவது…?”

“ஆறே மாசம் பை வெச்சுக்கணும்” என்றார் குவாதா உற்சாகமாக. “இப்பல்லாம் அழகழகா வருது. பூப்போட்டதுகூட இருக்கு.”

இசோபே தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வயிற்றில் பையோடு நாற்பத்தைந்து பாகை குனிய முடியுமா? குனிய முடியாத விற்பனைப் பிரதிநிதிக்கு உலகத்தில் என்ன வேலை? ஆனாலும் பேராசிரியர் நகர்ந்தபோது பழக்கம் முந்திக்கொண்டது, ஆழமாக வணங்கினார். பத்தேகாலுக்கு ரத்தம் போயிற்று.

இதைக் கூர்ந்து கவனித்த குவாதா ஒரு வரைபடமே போட்டுவிட்டார். செவ்வாயும் வெள்ளியும், காலை பத்தேகால். ‘பேராசிரியர் வருகையோடு ஒத்திசையும் கசிவு: உலகின் முதல் பதிவு’ என்று தலைப்பும் கொடுத்தார். பேராசிரியர் அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “குடலுக்குக் கூட மரியாதை தெரியுது” என்றாராம்.

வியாழனன்று அறுவைச் சிகிச்சைப் படிவம் வந்தது. அதில் ஏழு முத்திரைக் கட்டங்கள், பதவி வரிசையில். இடது ஓரத்தில் பேராசிரியரின் முத்திரை நெட்டுக்குத்தாக நிற்கும். அடுத்து குவாதாவின் முத்திரை அதைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படி மற்ற ஆறு முத்திரைகளும் காகிதத்திலேயே பேராசிரியரை வணங்க வேண்டும். எட்டாவதாக நோயாளிக்கு ஒரு கட்டம். இசோபே தன் பெயர் முத்திரையைக் குத்தியதும் குவாதா உதட்டைப் பிதுக்கினார். “இன்னும் சாய்க்கணும். நீங்க நோயாளி இல்லையா?”

இரண்டாவது படிவத்தில் இசோபேயின் பெயர் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் நேரத்தில் ஃபுமியே வார்டு மூலையில் நின்றிருந்தாள். ஊர்வலம் வந்தது. புருஷன் குனிந்தார். குனிந்த முகம் சுருங்கியது. ஊர்வலம் போயிற்று.

“அப்பா, குனியறப்ப எங்கேயோ குத்துது, இல்ல?”

“இல்லையே.”

“முப்பது வருஷமா உங்க முகத்தைப் பாக்கறேன். எங்க அம்மாவைக் கும்பிடறப்பதான் இப்படி சுருங்கும். உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“அவரு சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு என்ன தெரியும்?”

இசோபே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, உள்ளிருந்தபடியே, மீன், கன்னம், பன்சாய் மூன்றையும் சொன்னார். ஃபுமியே நேராகப் போய் சுகாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். “இவரு ஒரு மீன் எலும்பை விழுங்கிட்டு, அதைச் சொன்னா மரியாதைக் குறைவுன்னு பதினேழு நாளா அடைகாக்கறாரு” என்றாள்.

சுகா கணினியில், இசோபே சேர்ந்த அன்றே எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையைத் திறந்தார். முதல் பக்கத்தில் பேராசிரியருடையதைப் பார்த்து ஆறு முத்திரைகளும் அழகாகக் குனிந்திருந்தன. இரண்டாம் பக்கம் அதுவரை திறக்கப்படவே இல்லை. அங்கே ஸ்கேன் பிரிவின் மருத்துவர் எட்டு நாள் முன்பே எழுதியிருந்தார்: ‘மலக்குடலின் அடியில், வாசலிலிருந்து நான்கு சென்டிமீட்டரில், எலும்பு போல ஒரு வெள்ளைக் கோடு. தயவுசெய்து விரலால் பார்க்கவும்.’

“அப்ப இப்பவே எடுத்துடும்மா” என்றாள் ஃபுமியே. சுகா தன் விரலைப் பார்த்தார். வாசலில் நின்ற தமாகியைப் பார்த்தார். பிறகு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு குவாதாவின் அறைக்குப் போனார்.

குவாதா இரண்டாம் பக்கத்தை முழுக்கப் படித்தார். மறுக்கவில்லை, அவர் நேர்மையானவர்.

“எலும்புதான். சந்தேகமே இல்ல” என்றார். “ஆனா பாருங்கம்மா, உண்மை வெள்ளிக்கிழமை வந்திருக்கு. முத்திரை வியாழக்கிழமையே விழுந்தாச்சு. இப்ப மாத்தணும்னா கீழேயிருந்து ஏழு முத்திரையும் திரும்ப வாங்கணும். அதுல மூணு பேரு கோல்ஃப் ஆடப் போயிட்டாங்க. நாளைக்கு இருநூறு பேருக்குச் சாப்பாட்டுப் பெட்டி சொல்லியாச்சு. முப்பது சென்டிமீட்டர் போனா அந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு மீட்டருக்கு மேல மிச்சம் இருக்கு. சென்செயோட முகம் போனா? அது ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு?”

சுகா அறிக்கையை மடித்துக்கொண்டார். பிறகு மிகப் பணிவாக, ஏறக்குறைய இசோபேயின் கோணத்திலேயே குனிந்தார்.

“துணைப் பேராசிரியரே, ஒரு விதிமுறைச் சந்தேகம். இந்த நோயாளிக்கு முதல் விரல் இன்னும் ஒத்திவைப்புலயே இருக்கு. அது ஆகாம கத்தி வெச்சா… முதல் விரலுக்கு முன்னாடி கத்தி நுழைஞ்ச மாதிரி ஆயிடாதா? சென்செயோட உரிமை…”

குவாதாவின் முகம் வெளுத்தது. பிறகு மலர்ந்தது.

“நேரலையிலேயே வெச்சுக்கலாம்! கூட்டத்துக்குத் துவக்க விழா மாதிரி இருக்கும். ஏழு மாசத்துல நல்லாத் தேறிட்டீங்கம்மா.”

சனிக்கிழமை காலை அரங்கம் நிரம்பியது. பேராசிரியர் துவக்கவுரையில் கழகத்தின் புதிய சின்னத்தைத் திரையில் காட்டினார்: வலப்பக்கத்து ‘மீனுக்குள் மீன்’, பத்தடி உயரத்தில். “இதோட ஜோடி கிடைக்கல” என்றார் தழுதழுத்த குரலில். “ஆராய்ச்சியும் அப்படித்தான். இன்னொரு பாதி எப்பவும் எங்கேயோ இருட்டுல நமக்காகக் காத்துக்கிட்டிருக்கு.” இருநூறு பேர் கைதட்டினார்கள். அவர் சட்டையில் ஒலிவாங்கியோடு அறுவை அரங்குக்கு நடந்துபோனார்.

இசோபே பச்சைத் துணிக்கு அடியில் இடப்பக்கமாகப் படுத்திருந்தார். மயக்க மருந்து இன்னும் கொடுக்கவில்லை. காமிரா அவர் முதுகுப் பக்கம். சுகா நீட்டிய கையுறையைப் பேராசிரியர் மாட்டிக்கொண்டார்.

“மாண்புமிகு உறுப்பினர்களே, விரல்தான் மருத்துவனுடைய முதல் கண்” என்று தொடங்கினார். இந்த உண்மையை அவர் மூன்று வருடமாக யாருக்கும் பயன்படுத்தியிருக்கவில்லை. “இசோபே, தயாரா?” என்றபடியே விரலை உள்ளே செலுத்தினார்.

இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாவது முறையாகப் பேராசிரியர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இசோபே என்ன செய்வார்? படுத்தபடியே, முழங்கால் நெற்றியில் முட்டும் அளவுக்கு, ஆழமாக வணங்கினார்.

“ஐயோ!” என்றார் பேராசிரியர்.

ஒலிவாங்கி அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோயிற்று. கையுறையின் நுனி சிவந்திருந்தது. சுகா ஒரு நீண்ட இடுக்கியை நீட்டினார். அரை நிமிடத்தில் இடுக்கியின் முனையில் ஒன்று வெளியே வந்தது. சிறிய தலை, வட்டமாக ஒரு கண், ஊசி போன்ற வால். காமிரா கடமை தவறாமல் அதை நெருங்கிக் காட்டியது. அரங்கத்தின் பெரிய திரையில் பத்தடி உயரத்தில் அது நின்றது. பக்கத்துத் திரையிலிருந்து வலப்பக்கத்து எலும்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. இருநூறு பேர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“மன்னிக்கணும் சென்செய்” என்றது பச்சைத் துணி. “நீங்க உங்க கையால குடுத்ததுங்கறதால துப்ப மனசு வரல.”

பேராசிரியர் தம் விரலையும் இடுக்கி முனையையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நான் எதிர்பார்த்ததுதான்” என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று அந்த அறையில் சிந்திய ரத்தமெல்லாம் பேராசிரியரின் ஆள்காட்டி விரலிலிருந்துதான். ஒரு தையல் போட்டார்கள். முப்பது சென்டிமீட்டரும் இசோபேயிடமே இருந்துவிட்டது. அவரைக் கூட்டிப்போக வந்த ஃபுமியே நர்ஸ்கள் முன்னால் கேட்டாள்: “இனிமே மரியாதையை மென்னு முழுங்குவீங்களா?”

நாற்பத்து நான்காவது காரணமாக ‘மகிஷிமா மங்கல எலும்பு’ பட்டியலில் ஏறிற்று. விழுங்கியவர் யார், விழுங்க வைத்தவர் யார் என்பது கட்டுரையில் இல்லை. சுகாவுக்கு நன்றியுரையில் ‘கையுறை உதவி’ என்று ஓர் இடம் கிடைத்தது. இசோபே மறு வாரமே சுவரருகே வந்து நின்றுவிட்டார்; கோணத்தில் ஒரு பாகைகூடக் குறையவில்லை.

வருடக் கடைசி விருந்தில் ஜோடி சேர்ந்த அந்த இரண்டு எலும்புகளையும் நெருப்பில் லேசாக வாட்டி, சூடான அரிசி மதுவில் போட்டு, கழகத்தின் வளத்துக்காக ஒரே கிண்ணத்திலிருந்து எல்லோரும் குடித்தார்கள். பேராசிரியர் முதலில், பிறகு குவாதா, பிறகு பதவி வரிசையில். கடைசி இருக்கைக்குக் கிண்ணம் வந்தபோது இசோபே மட்டும், டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்று குனிந்து மறுத்தார்.

இடப்பக்கத்து எலும்பைக் கழுவ அனுமதி கேட்கும் படிவம் அப்போது மூன்றாவது முத்திரைக்காகக் காத்திருந்தது.